மாசி வீதியும் நடப்போர் உரிமையும்

நகரம் ஒன்றின் நாகரிகத்தை அளந்தறிய விரும்புவோர் அதன் மாடமாளிகைகளை எண்ணிப் பார்க்க வேண்டுவதில்லை. அதன் கடைத்தெருவிலே ஒரு மூதாட்டி, பேரனைக் கையிற் பிடித்துக்கொண்டு, அச்சமின்றி ஒரு பக்கத்தினின்று மறுபக்கம் செல்லக் கூடுமா என்று பார்த்தாற் போதும். இவ்வளவுகோலைக் கொண்டு நம் மதுரை மாநகரை அளக்கப் புகுந்தால், பெருமையும் நாணமும் ஒருங்கே தோன்றுகின்றன. கோயிலை ஒட்டிய சித்திரை வீதிகளிலே அம்மூதாட்டி அமைதியாக நடப்பாள். இரண்டு சுற்று அப்பாலுள்ள மாசி வீதிகளிலே நடக்க அஞ்சுவாள். இவ்வேற்றுமை ஏன் நேர்ந்தது, அதனை நீக்க யாது செய்யலாம் என்பதைப் பற்றி எம் கருத்தை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

மதுரையின் தெருக்கள் தற்செயலாய் விளைந்தவை அல்ல. கோயிலை நடுவே வைத்து, ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி எனச் சதுரத்தைச் சூழ்ந்து சதுரமாக அவை விரிகின்றன. இவற்றுள் ஆடி வீதி கோயில் மதிலுக்கு உட்பட்டது. வெளி வீதி பழைய கோட்டையின் எல்லை. இவ்வமைப்பு 16-ஆம் நூற்றாண்டில், விசுவநாத நாயக்கர் காலத்தில், ஒழுங்குபெற்றது என வரலாற்று நூலோர் கூறுவர். திங்களின் பெயரைத் தெருவுக்கு இட்ட ஊர் இது. மாசித் திங்களில் தேர் ஓடியமையால் மாசி வீதி எனப் பெயராயிற்று. திருமலை நாயக்கர் (1623–1659) அவ்விழாவைச் சித்திரைத் திங்களுக்கு மாற்றினார் என்பர், ஆயினும் தேர் இன்றளவும் மாசி வீதிகளிலேயே ஓடுகின்றது, பெயரும் மாறவில்லை. ஆகவே, மக்கள் கூடி நடத்தற்கும், பல்லாயிரவர் வடம்பிடித்து இழுத்தற்கும் என்றே இத்தெருக்கள் பிறந்தன. மோட்டார் வண்டி இவற்றினுள் விருந்தாக வந்ததேயன்றி வீட்டுக்கு உடையதாக வரவில்லை. இந்நாளிலோ, வந்த விருந்து வீட்டாரைத் திண்ணைக்குத் துரத்திவிட்டது, திண்ணையையும் விட்டுவைக்கவில்லை.

தமிழ் பயிலும் எமக்குப் பழம்பாட்டுக்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, பகலில் நடக்கும் நாளங்காடியையும் இரவில் நடக்கும் அல்லங்காடியையும் விரித்துரைக்கின்றது. சிலப்பதிகாரத்து ஊர்காண் காதையிலே கோவலன் மணிக்கடை, பொற்கடை, அறுவைக்கடை, கூலக்கடை என வீதி வீதியாகக் கண்டு செல்கின்றான். அன்றைய மதுரை இன்றைய மதுரை நிற்கும் இடத்திலேயே இருந்தது என்று வாதிடுவது எம் நோக்கமன்று. வாணிக முறை மாறவில்லை என்பதே யாம் காட்ட விரும்புவது. இன்றும் பொன் வாங்குவோர் தெற்காவணி மூல வீதியை நாடுகின்றனர். ஆடை வாங்குவோர் விளக்குத்தூண் பக்கம் செல்கின்றனர். பலசரக்கை மொத்தமாகக் கொள்வோர் கீழமாசி வீதியை அடைகின்றனர். ஆனால் கோவலன் நடந்து கண்டான். நடப்பவன் கண்ணுக்கே கடையிலுள்ள சரக்குப் புலனாகும். வண்டியில் இருப்போனுக்கு முன்செல்லும் வண்டியின் பின்புறமே காட்சி.

இவ்வாறு கூறுதலால், பழையதைத் தொடாமற் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்று யாம் சொல்வதாகக் கொள்ளற்க. இவ்வூர்த் தெருக்கள் காலந்தோறும் மாறி வந்தவையே. 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கலெக்டர் பிளாக்பர்ன் என்பார் கோட்டை மதிலை இடிப்பித்து அகழியைத் தூர்ப்பித்தார். இடித்துத் தூர்ப்போர்க்கே அந்நிலம் உரியதாகும் என்று பறைசாற்றி அவ்வேலையை நிறைவேற்றினார் என்பர். வெளி வீதிகள் அவ்வாறே தோன்றின. அவ்வேலைக்குத் துணைநின்ற மாரட், பெருமாள் மேஸ்திரி என்போரின் பெயரால் இன்றும் தெருக்கள் உள்ளன; விளக்குத்தூண் அக்கலெக்டரின் நினைவாக நிறுத்தப்பட்டதே. மேலமாசி வீதியில் உள்ள ஓர் இல்லத்திலிருந்துதான் 1921-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் காந்தியடிகள் ஏழை உழவனின் உடையை மேற்கொண்டு வெளிவந்தார். கோட்டையும் மாறிற்று; உடையும் மாறிற்று; மக்கள் நலத்தின்பொருட்டு மாறுதல் இத்தெருக்களுக்கு அயலான செயலன்று.

நிற்க. இன்று மாசி வீதிகளின் நிலை யாது? காலை பத்து மணிக்குமேல் அங்குச் சென்று நோக்குக. ஒருபுறம் சரக்கு லாரியினின்று மூட்டை இறங்கும். மறுபுறம் இருசக்கர வண்டிகள் இரண்டு வரிசையாக நிறுத்தப்பட்டிருக்கும். இடையில் எஞ்சிய வழியிலே ஆட்டோ ரிக்‌ஷாவும், காரும், கைவண்டியும், தலையில் மூட்டை சுமந்தோரும், பள்ளிச் சிறுவரும் ஒருவரை ஒருவர் முந்த முயல்வர். ஒலிப்பானின் ஓசை காதைத் துளைக்கும். நடைமேடை என்று பெயர்பெற்ற இடத்திலோ, நடை தவிர மற்றெல்லாம் நடைபெறும். கடைச் சரக்கும், விளம்பரப் பலகையும், மின்பெட்டியும், நிறுத்திய வண்டியும் அதனைக் கொள்ளைகொள்ள, நடப்பவன் தெருவில் இறங்குகின்றான். இறங்கியவனை வண்டியோட்டி வைகின்றான். தனக்கென அமைந்த இடத்தினின்று விரட்டப்பட்டவனே குற்றவாளி ஆகின்றான்!

இதனை வெறும் இடைஞ்சல் என்று தள்ளிவிடல் தகாது. மத்திய அரசின் கணக்குப்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் உயிர் நீத்தோர் 1,68,491 பேர். அவருள் நடந்து சென்றோர் 32,825 பேர். நாளொன்றுக்கு ஏறக்குறைய 90 பேர், நடந்தார்கள் என்பதைத் தவிர வேறு குற்றம் செய்யாதவர், வீடு திரும்பாமற் போயினர். வேகம் இருமடங்கானால் மோதலின் ஆற்றல் நான்மடங்காகும் என்பது பௌதிகம் பயின்றார் யாவரும் அறிந்தது. ஆகவே, 2020-இல் ஸ்டாக்ஹோம் நகரிற் கூடிய உலக அமைச்சர் மாநாடு, நடப்போரும் வண்டிகளும் கலந்து செல்லும் இடங்களில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்று வற்புறுத்தியது. ‘நெரிசல் மிக்க மாசி வீதியில் வேகம் ஏது?’ என்று சிலர் வினவலாம். பகலில் ஊர்ந்து செல்லும் அவ்வண்டிகளே விடியற்காலையிலும் இரவிலும் தெரு வெறிதாகக் கண்டவுடன் பறக்கின்றன. பகலிலும், கண் மங்கிய முதியோர்க்கும் கைக்குழந்தை ஏந்திய தாய்மார்க்கும் ஊரும் வண்டியே போதிய ஆபத்து.

நடத்தல் ஒருவர் இரந்து பெறும் சலுகையன்று, உரிமை. நம் நாட்டு உச்ச நீதிமன்றம் 2025-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள், தடையற்ற நடைபாதை பெறுதல் அரசியற் சட்டத்தின் 21-ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என எடுத்துரைத்தது. இவ்வழக்கைத் தொடுத்தவர் நம் தமிழ்நாட்டினர்; கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் இராஜசேகரன். முறிந்த எலும்பைச் சேர்க்கும் கை, முறியாமற் காக்கும் வழியையும் தேடியது போற்றற்குரியதன்றோ?

மதுரையில் ஒன்றும் செய்யப்படவில்லை என்று யாம் கூறோம். 2016-இல் இந்நகர் சீர்மிகு நகரத் திட்டத்திற்குத் தெரிந்தெடுக்கப்பட்டது. அதன்பின் சித்திரை வீதிகளிற் கல் பதிக்கப்பெற்றது. மாசி வீதிகளிலும் வடிகாலும் நடைமேடையும் அமைக்கும் வேலைகள் நடைபெற்றன. இருவகை வீதிகளிலும் பணம் செலவாயிற்று; பயன் மட்டும் ஒத்ததாக இல்லை. காரணம் வெளிப்படை. சித்திரை வீதிகளிலே மோட்டார் வண்டி விலக்கப்பட்டது. கல் பின்னர் வந்தது. மாசி வீதிகளிலே கல் வந்தது, வண்டி விலகவில்லை. வண்டி விலகாத தெருவிற் பதித்த கல் வண்டிக்கே மெத்தையாகும். இதுவே யாம் இக்கட்டுரையில் வற்புறுத்த விரும்பும் ஒரே செய்தி: முதலில் தெரு யாருக்கு என்று முடிவு செய்க, பின்னர்க் கல்லைத் தேடுக.

அம்முடிவைச் செய்வது அரிது என்பாரை யாம் ஒன்று கேட்போம். சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளில் மோட்டார் வண்டி உண்டா? இல்லை. அன்று ஊர் அழிந்துபோயிற்றா? இல்லை. வணிகர் கடையை மூடிவிட்டு ஊரை விட்டுப் போயினரா? அதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒரு நாள் தேருக்காக ஒதுங்கத் தெரிந்த வண்டிகள், நாள்தோறும் சில மணி நேரம் மனிதருக்காக ஒதுங்கலாகாதா? நாள்தோறும் காலை பத்து மணி முதல் இரவு ஒன்பது மணி வரை நான்கு மாசி வீதிகளிலும் மோட்டார் வண்டி புகாமல் நிறுத்துக. சரக்கு லாரிகள் இரவிலும் விடியற்காலையிலும் வந்து செல்க. இதுவே எம் வேண்டுகோள்.

தெருவின் அமைப்பையும் அதற்கேற்பத் திருத்துதல் வேண்டும். தேர் ஓடும் தெரு ஆதலின், நடுவே மரமோ, கற்சுவரோ, அசையாத தூணோ வைத்தல் ஆகாது. நான்கு மூலைகளிலும் தேர் திரும்ப இடம் வேண்டும். இது தடை போலத் தோன்றினும், உண்மையில் வழிகாட்டியே. தெரு முழுவதையும் ஒரே மட்டமாகக் கல் பாவி, நுழைவாயில்களிற் கழற்றி மாட்டத்தக்க தூண்களை நடுவோமாயின், தேருக்கும் இடையூறில்லை. தீயணைக்கும் வண்டிக்கும் நோயாளரை ஏற்றும் வண்டிக்கும் இடையூறில்லை. தள்ளுநாற்காலியில் வருவோர்க்கும் ஏறி இறங்கும் துன்பமில்லை. வெளி வீதிகளிலும் அவற்றைக் கடக்கும் சாலைகளிலும் நடைமேடை வேண்டும். இந்தியச் சாலைக் காங்கிரஸ் 2012-இல் வெளியிட்ட விதிகளின்படி அது தடையின்றிக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் உடையதாய், 150 மில்லிமீட்டருக்கு மேற்படாத உயரம் உடையதாய் இருத்தல் வேண்டும். ஓரடி உயரத்தில் மேடை கட்டிவிட்டு, முதியோர் அதன்மேல் ஏறவில்லையே என்று வருந்துவது பேதைமை. மரம் வைக்க இயலாத இடத்தில் கடைமுகப்பின் தாழ்வாரம் நிழல் தரட்டும். குடிநீரும், அமர இருக்கையும், பெண்டிர்க்குத் தூய கழிப்பிடமும் அமைக. இவை இல்லாத தெரு நடப்பதற்கு உரியதென்று பலகை எழுதி வைப்பதால் ஆகிவிடாது.

இனி, மறுப்புரைகளைச் சிறிது ஆராய்வோம். முதலாவது வணிகரின் அச்சம்: ‘வண்டி வாசலுக்கு வராவிடில் வாடிக்கை குறையும்’ என்பது. இவ்வச்சம் புதிதன்று. டென்மார்க்கின் தலைநகராகிய கோப்பன்ஹேகனில் ஸ்ட்ரோகெட் என்னும் பழைய கடைத்தெருவை 1962-ஆம் ஆண்டு நடப்போர்க்கு ஒதுக்கியபோது, குளிர்மிக்க எம் நாட்டில் யார் தெருவில் உலாவுவர் என்று வணிகர் முறையிட்டனர். இன்றோ அத்தெரு உலகோர் சென்று காணும் கடைத்தெருவாய் விளங்குகின்றது. அயல்நாட்டுக் கதை வேண்டா என்பார் சென்னைக்குச் செல்க. தியாகராய நகரின் பாண்டி பஜாரில் 2019 நவம்பரில் அகன்ற நடைவெளி திறக்கப்பட்டது. மாலைப்பொழுதில் குழந்தைகளும் முதியோரும் அங்கே அமர்ந்திருக்கும் காட்சி எத்தனை வாதங்களுக்கும் விடையாகும். டில்லியிலே, ஷாஜகானின் மகள் ஜகனாரா 17-ஆம் நூற்றாண்டில் அமைத்த சாந்தினி சவுக்கு 2021 செப்டம்பரில் புதுக்கித் திறக்கப்பட்டபோது, காலை ஒன்பது முதல் இரவு ஒன்பது வரை மோட்டார் வண்டி விலக்கப்பட்டது. பழைமையும் நெரிசலும் மிக்க மொத்த வாணிகத் தெரு அது. மாசி வீதிக்கு மிக நெருங்கிய உறவு. ஆயினும் காவல் தளர்ந்தவிடத்து இருசக்கர வண்டிகள் மீண்டும் நுழைந்தன என்று செய்தித்தாள்கள் எழுதின. ஆதலின் தெருவைத் திறப்பது ஒரு நாள் விழா. அதனைக் காப்பது நாள்தோறும் செய்யும் கடமை.

இரண்டாவது மறுப்பு, ‘தெருவை அழகு செய்தால் தெருவோர வணிகர் துரத்தப்படுவர்’ என்பது. இதனை யாம் மறுக்கவில்லை, எச்சரிக்கையாகவே கொள்கின்றோம். பாண்டி பஜாரில் நடைவெளி அமையுமுன், 2013-இலேயே தெருவோர வணிகர் பலர் தனிக் கட்டடம் ஒன்றிற்கு மாற்றப்பட்டனர் என்பதை மறத்தல் ஆகாது. மல்லிகை தொடுத்து விற்கும் தாய்மாரும், வெள்ளரிப் பிஞ்சு விற்கும் கிழவரும், சுமை தூக்கும் தொழிலாளரும் இத்தெருவின் பழைய குடிகள். மோட்டார் வண்டிக்கு முன்பே இங்கு வந்தவர். வண்டியை அகற்றியதால் கிடைத்த இடத்திலிருந்து அவரையும் அகற்றுவதாயின், அது சீர்திருத்தம் அன்று. ஏழையின் இடத்தைப் பறித்துச் செல்வனுக்கு உலாவுமிடம் ஆக்குதலே. 2014-ஆம் ஆண்டுச் சட்டம் தெருவோர வணிகரின் பிழைப்பைக் காப்பதோடு, நகர விற்பனைக் குழுவில் அவர்க்கு நூற்றுக்கு நாற்பதுக்குக் குறையாத இடமும் அளித்துள்ளது. மாசி வீதியின் படம் வரையும் மேசையைச் சுற்றி அவரும் அமர்தல் வேண்டும். கடை எங்கு வைப்பது, கைவண்டி எவ்வழி செல்வது என்பவற்றைப் பொறியாளரினும் அவர் நன்கு அறிவர்.

மூன்றாவது மறுப்பே வலியது. ‘மாசி வீதியினின்று விலக்கிய வண்டி வெளி வீதியை அடைக்காதா?’ என்பர். அடைக்கும், பிற ஏற்பாடு ஒன்றும் செய்யாவிடின். நடுவூரைத் தூய்மை செய்து சுமையைப் புறத்துச் சந்துகளின் தலையிற் கட்டுவது நீதியன்று. ஆகவே வெளி வீதிகளைச் சுற்றி அடிக்கடி செல்லும் சிறு பேருந்துகள் வேண்டும். வண்டி நிறுத்துமிடங்கள் உள்வட்டத்தில் அன்றி வெளிவட்டத்தில் வேண்டும். நடக்க இயலாதோர்க்கும் கைக்குழந்தையோடு வருவோர்க்கும் உள்வீதிகளில் மெல்லச் செல்லும் மின்கல வண்டிகள் வேண்டும். புகைவண்டி நிலையமும் பெரியார் பேருந்து நிலையமும் மேல வெளி வீதியை ஒட்டியே உள்ளன. அங்கிருந்து மாசி வீதி நடந்து சேரும் தொலைவே. நடக்க வழி இருக்குமாயின் பலர் நடப்பர். வழி இல்லாமையாலேயே பலர் ஆட்டோவில் ஏறுகின்றனர்.

இவ்விதழைப் படிப்போருள் கடை நடத்தும் பழைய மாணவர் உளர்; பொறியாளரும், வழக்கறிஞரும், அரசாங்க அலுவலரும் உளர். உங்களிடம் யாம் வேண்டுவது சிறிதே. மாசி வீதியில் கடை வைத்திருப்போர், தத்தம் கடைவாசல் முன்னுள்ள நடைமேடையை நாளையே காலிசெய்து காட்டுக. ஒரு கடை செய்தால் அண்டைக் கடை நாணும். அலுவலர் ஆனோர், ஒரு திங்களேனும் ஞாயிற்றுக்கிழமைகளில் இவ்வேற்பாட்டை நடத்திப் பார்க்க வழிசெய்க. சோதித்துப் பாராமல் ஆகாது என்பது அறிவியலும் அன்று, அறமும் அன்று.

மாணவ நண்பர்களே! நமக்கும் பணி உண்டு. வைகைப் பாலத்தைக் கடந்து நகருக்குள் செல்லும்போது இருசக்கர வண்டியை வெளி வீதியிலேயே நிறுத்தி உள்ளே நடப்போம். அன்றியும், நாட்டு நலப்பணித் திட்டத்து மாணவர் நால்வகைக் குழுக்களாகப் பிரிந்து, மாசி வீதியின் நான்கு மூலைகளிலும் ஒரு நாள் முழுவதும் நின்று, ஒவ்வொரு மணி நேரத்திலும் நடந்து சென்றோர் எத்தனை பேர், வண்டியிற் சென்றோர் எத்தனை பேர் என்று எண்ணுவாராக. நகரசபைகள் வண்டிகளை எண்ணுவது வழக்கம். மனிதரை எண்ணுவது அரிது. எண்ணப்படாதவர்க்குத் தெருவில் இடம் கிடைப்பதில்லை. அக்கணக்கை மாநகராட்சி மன்றத்தின்முன் வைப்போமாயின், எம் கட்டுரையினும் அது நன்கு பேசும்.

மதுரையின் தேர் ஒருவரால் நகர்வதன்று. பல்லாயிரம் கைகள் வடத்தைப் பற்றும்போதே அது நிலைபெயரும். இச்சீர்திருத்தமும் அத்தன்மையதே. வணிகர் ஒரு கை கொடுக்க, தெருவோரத் தொழிலாளர் ஒரு கை கொடுக்க, அதிகாரிகள் ஒரு கை கொடுக்க, மாணவராகிய நாமும் வடத்தைப் பற்றுவோமாக. மாசி வீதி மீண்டும் நடப்போர் வீதி ஆகுக.